நூலகங்கள் காணப்படவில்லை, பூச்சிகள் காணப்பட்டன

விதி ஏழு, உட்பிரிவு மூன்று இப்படிச் சொல்கிறது: பிறர் எழுதிய லைப்ரரி எதையும் துறையின் பொது ரெபாசிட்டரியில் சேர்ப்பதற்கு முன், அதன் பதிப்பு, உரிமம், அதில் தெரிந்த குறைகள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும், கேட்ட ஒரு மாதத்துக்குள் பதில் தரப்படும்.

நல்ல விதி. நானே எழுதியிருந்தாலும் இதைவிடச் சுருக்கமாக எழுதியிருக்க முடியாது. அரசுக் கணினிப் பிரிவு ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், விதிகளில் குறை இருப்பது அபூர்வம். 'தரப்படும்' என்று செயப்பாட்டு வினையில் முடியும் வாக்கியத்தில் யார் தருவார் என்பது இருக்காது. அது ஒன்றுதான் சிக்கல்.

கணினிப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இரண்டு சொற்களை விளக்கிவிடுகிறேன். லைப்ரரி என்பது இங்கே புத்தகம் அடுக்கிய இடமல்ல. யாரோ ஒருவர் முன்பே எழுதி, சோதித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஊருக்குக் கொடுத்த கணினி நிரல். பாக்கெட்டில் விற்கும் இட்லி மாவு மாதிரி. நாமே ஊறப்போட்டு அரைக்கலாம்தான். ஆனால் விடிந்ததும் இட்லி வேண்டும். ரெபாசிட்டரி என்பது ஒரு திட்டத்தில் வேலை செய்கிற எல்லோரும் நிரல்களைப் போட்டு எடுக்கும் பொது இடம். யார், எப்போது, எதை, ஏன் மாற்றினார் என்பதை அது மறக்கவே மறக்காது. அரசு அலுவலகங்களுக்குள் அது இவ்வளவு தாமதமாக நுழைந்ததற்கு அந்த ஒரு குணமே போதும்.

ஓய்வு பெற்றுக் கண்ணமங்கலத்தில் வந்து உட்கார்ந்த பிறகு, ஜவ்வாது மலை விவசாயிகளும் அடிவாரத்துக்காரர்களும் சேர்ந்து நடத்தும் ஓர் உற்பத்தியாளர் சங்கத்துக்கு நான் கௌரவ ஆலோசகர் ஆனேன். 'கௌரவ' என்றால் சம்பளம் கிடையாது என்று அர்த்தம். ஆலோசகர் என்றால் சொல்வதை யாரும் கேட்க வேண்டியதில்லை என்று அர்த்தம். இரண்டும் சேர்ந்த பதவிக்கு என்னைவிடத் தகுதியான ஆள் அந்த வட்டாரத்தில் இல்லை.

சங்கத்துக்கு மலை மேலே ஒரு கொள்முதல் மையம் உண்டு. தகரக் கூரை போட்ட ஒரு கிடங்கு, அதில் ஒரு மின்னணுத் தராசு, ஒரு மடிக்கணினி, சீட்டு அச்சடிக்கும் சின்ன இயந்திரம். சாமை, பனிவரகு, புளி எல்லாம் அங்கே எடைபோடப்படும். எடை தராசிலிருந்து நேராகக் கணினிக்குப் போய், விவசாயியின் பெயரோடு தமிழில் சீட்டாக வெளியே வரும். நடுவில் யாரும் கை வைக்க முடியாது.

அந்தத் தராசை மலைக்கு ஏற்றிக் கொண்டுவந்தவர் மையத்தின் பொறுப்பாளர். நாற்பது வயதுப் பெண், மலையிலேயே பிறந்தவர், சொந்தமாகப் புளியமரங்களும் சாமைக் காடும் உள்ளவர். அதற்கு முன்பெல்லாம் மலைக்காரர்கள் புளியைக் கட்டிக் கீழே இறக்கி, வியாபாரி தராசில்தான் வைக்க வேண்டும். கீழே இறங்கிய புளி திரும்ப மலையேறாது என்பது வியாபாரிக்குத் தெரியும். அவருடைய தராசுக்கும் தெரியும். இந்தப் பெண் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று, தொண்டை கட்டும்வரை பேசித்தான் தராசு மேலே போனது.

சங்கத் தலைவருக்கு அது பிடிக்கவில்லை. தலைவர் படவேட்டுப் பக்கத்து அடிவார ஊர்க்காரர். அவருக்கே ஒரு புளி மண்டி இருக்கிறது. தராசு தன் ஊரில் இருந்தால் எல்லோருக்கும் வசதி என்பது அவர் கருத்து. 'எல்லோருக்கும்' என்று சொல்லும்போது அவர் கை தன்னையறியாமல் தன் நெஞ்சைத் தொடும். அவர் ஒரு தீர்மானம் போட்டு வைத்திருந்தார்: புளி வரத்து தொடங்கும் நேரத்தில் மலை மையத்தில் இயந்திரம் ஒழுங்கான சீட்டு கொடுக்கவில்லை என்றால், தராசு கீழே இறக்கப்படும்.

அந்த வருஷம் பார்த்து, இந்த மாதிரிச் சங்கங்களுக்குக் கணினியும் விதிகளும் வழங்கும் துறை பழைய மடிக்கணினியை வாங்கிக்கொண்டு புதியது கொடுத்தது. புதியது மிகவும் ஒழுக்கமானது. துறையின் பொது ரெபாசிட்டரியில் இருப்பதை மட்டும்தான் ஏற்கும்; வெளி இணையத்திலிருந்து எதையும் தொடாது. எங்கள் நிரலோ இரண்டு லைப்ரரிகளை வெளியிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தது. ஒன்று தராசின் எடையைப் படிக்க, மற்றொன்று சீட்டில் தமிழ் எழுத்தைச் சரியாக அச்சடிக்க. கார்த்திகையில் சோதனைக்காக ஒரு சாமை மூட்டையை வைத்தோம். சீட்டு வந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் எடை இருக்க வேண்டிய இடத்திலும் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

பொறுப்பாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், மூட்டைய வெச்சா தராசு நம்மளயே கேள்வி கேக்குது?" என்றார்.

நிரலை எழுதியவர் கண்ணமங்கலத்துக்காரர். பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சங்கத்து வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகச் செய்வார். அவர் உடனே வழி சொன்னார். அந்த இரண்டு லைப்ரரிகளையும் பொது ரெபாசிட்டரிக்குள்ளேயே போட்டுவிட்டால், புது மடிக்கணினி மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொள்ளும். டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்றார்.

நான் விதி ஏழு, உட்பிரிவு மூன்றைச் சொன்னேன்.

"சார், ரெண்டே ரெண்டு ஃபோல்டர் சார்."

விதியில் ஃபோல்டருக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை சொல்லப்படவில்லை என்றேன். விதி தெரிந்தவன் வாய் சும்மா இருக்காது என்பது உண்மைதான். ஆனால் காரணமும் இருந்தது. தலைவருக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும். முறைகேடாகச் சேர்த்தார்கள் என்று ஒரு வரி எழுதித் தராசை இறக்கிவிடுவார். அனுமதியோடு சேர்த்தால் அவரால் அசைக்க முடியாது. புளி வர இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. விதி சொன்னது ஒரு மாதம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

விதி ஆங்கிலத்தில் இருந்தது. ஆனால் துறைக்கு வரும் கடிதங்கள் தூய தமிழில் இருக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கையும் இருந்தது. ஆங்கிலச் சொல் கலந்த கடிதங்கள் திரும்பி வருவதை நானே பார்த்திருக்கிறேன். பணியில் இருந்தபோது சிலவற்றைத் திருப்பியும் இருக்கிறேன். எனவே கலைச்சொல் அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினேன். லைப்ரரிக்கு நூலகம். ரெபாசிட்டரிக்குக் களஞ்சியம். பிறர் எழுதியது என்பதற்கு மூன்றாம் தரப்பு. புதிதாகச் சேர்ப்பதை முதலில் தனியாக ஒரு பிராஞ்சில் வைத்துச் சோதித்துப் பிறகு சேர்ப்பது இந்தத் தொழிலின் வழக்கம், பிராஞ்சுக்குக் கிளை. லைப்ரரிகளில் உள்ள குறைகளைக் கணினிக்காரர்கள் பக் என்பார்கள். அகராதி அதற்கு வழு என்கிறது. வழு என்றால் இலக்கணம் படித்தவருக்குத்தான் புரியும். படிப்பவர் மேல் இரக்கப்பட்டுப் 'பூச்சி' என்று எழுதினேன். என் அலுவலக வாழ்க்கையில் படிப்பவர் மேல் நான் இரக்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

கடிதத்தின் பொருள் வரி இப்படி அமைந்தது: 'மலை மையம் – பொதுக் களஞ்சியத்தில் மூன்றாம் தரப்பு நூலகங்கள் இரண்டினைத் தனிக் கிளையில் சேர்த்தல் – அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.' உள்ளே ஒரு வரி: 'மேற்படி நூலகங்களில் சில பூச்சிகள் இருப்பது அறியப்பட்டுள்ளது. அவற்றால் களஞ்சியத்துக்குப் பாதிப்பு இல்லை.'

நிரல்காரர் படித்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சார், இத்த படிச்சா எனக்கே புக்கு மூட்டைய எட்த்துக்னு மலைக்குப் போவணும்னு தோணுது."

போகிற இடம் கணினி உள்ள துறைதான் என்றேன்.

"கம்ப்யூட்டர் கீது சார். படிக்கிறவரு மனுசந்தானே?"

கலைச்சொல் ஒவ்வொன்றும் சரி. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

மார்கழியில் துறையிலிருந்து ஒரு தொலைபேசி வந்தது. மரியாதையான குரல். நூலகக் கட்டடம் சொந்தமா வாடகையா என்று கேட்டது. இது கட்டடம் இல்லை, கணினியில் இருப்பது என்றேன். அப்படியானால் மின்நூலகமா என்றது. இல்லை, நிரல் என்றேன்.

"நிரல்னா பட்டியல்தானே சார்? அப்ப புத்தகப் பட்டியல அனுப்பி வைங்க."

தமிழ் அகராதிப்படி அவர் சொன்னதில் தப்பில்லை. நிரல் என்றால் வரிசை, பட்டியல். தொலைபேசியை வைத்துவிட்டு முழு விளக்கத்தையும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். 'தமிழில் அனுப்பவும்' என்ற முத்திரையோடு அது திரும்பி வந்தது. முத்திரை நேராகக் குத்தப்பட்டிருந்ததைப் பார்த்ததும் ஒரு கணம் பழைய சக ஊழியரைப் பார்த்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு என் கடிதம் தன் போக்கில் பயணம் போயிற்று. அதன் நகல் ஒன்று நூலகங்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனது. அவர்கள் எழுதிக் கேட்டார்கள்: அந்த ஊரில் வாசகர்கள் எத்தனை பேர்? நாளிதழ் எப்போது வந்து சேரும்? 'மேலும், மூன்றாம் தர நூலகம் என்ற வகை நடைமுறையில் இல்லை. ஊர்ப்புற நூலகமா, கிளை நூலகமா என்பதைத் தெளிவுபடுத்தவும்.' தரப்பில் இருந்த 'ப்பு' எந்த மேசையில் உதிர்ந்தது என்று தெரியவில்லை. கிளை என்ற சொல் மட்டும் அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

இன்னொரு நகல், களஞ்சியம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, தானியக் கிடங்குகளைக் கவனிக்கும் பிரிவுக்குப் போனது. அவர்களுக்கு நூலகத்தில் அக்கறை இல்லை. ஆனால் பூச்சி என்ற சொல்லைப் பார்த்ததும் எழுந்துகொண்டார்கள். என் கடிதத்தில் இருந்த அத்தனை சொற்களிலும் அரசாங்கம் பஸ் பிடித்து ஓடி வந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

தை மாதம் ஒரு ஆய்வாளர் மலைக்கு வந்தார். போளூரிலிருந்து மலைப்பாதை முழுவதும் வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருந்தார். நானும் அன்று மையத்தில் இருந்தேன். பொறுப்பாளர் அவருக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, எலுமிச்சம்பழம் ஒன்றை முகரச் சொன்னார். தெளிந்ததும் ஆய்வாளர் பையிலிருந்து ஒரு டார்ச்சும், மூட்டையில் குத்தித் தானியம் எடுக்கும் குத்தூசியும் எடுத்தார்.

"புக்குங்கல்லாம் எங்கம்மா?"

"இன்னா புக்கு சார்? இங்க சாமதான் கீது."

"நூலகத்துல பூச்சி இருக்குன்னு உங்க சங்கத்துலேர்ந்து எழுதியிருக்காங்களே."

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் ஆய்வாளருக்கு முதலிலிருந்து விளக்கினேன். இட்லி மாவு உவமையையும் சொன்னேன். அவர் நல்ல மனிதர். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"சார், நீங்க சொல்றது நல்லாவே புரியுதுங்க," என்றார். "ஆனா நான் வந்துட்டேனே. வந்ததுக்கு எதனா எழுதணுமே."

நானும் அப்படி எத்தனையோ இடங்களுக்குப் போய் எதையாவது எழுதிவிட்டு வந்தவன்தான். அவர் மூட்டைகளைக் குத்திப் பார்த்தார். சாமை மூட்டையில் வண்டு இருந்தது. வண்டு இல்லாத கிடங்கை அவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. கிடங்கில் இருந்த தளவாடங்களையெல்லாம் முறைப்படி எழுதிக்கொண்டார்: தராசு ஒன்று, மேசை ஒன்று, நாற்காலி இரண்டு, அதில் ஒன்று கால் உடைந்தது. கடைசியில் இரண்டு வாக்கியம்: 'நூலகங்கள் காணப்படவில்லை. பூச்சிகள் காணப்பட்டன.' நகல், சங்கத் தலைவருக்கு.

அவர் போன பிறகு பொறுப்பாளர் கால் உடைந்த நாற்காலியில், அதற்குரிய சாமர்த்தியத்தோடு, உட்கார்ந்தார். "ஏன் சார், நீங்க எய்தன லெட்டர்ல புளின்னு எங்கனா வர்தா?"

மனதுக்குள் கடிதத்தை ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். வரவில்லை. அப்படி வர வேண்டும் என்று விதியும் இல்லை. இல்லை என்றேன்.

"அதான்," என்றார்.

தலைவருக்கு அந்த அறிக்கை தைப் பொங்கல் இரண்டாம் முறை வந்த மாதிரி. அடுத்த கூட்டத்தில் அதை எழுந்து நின்று படித்தார். பூச்சி அடித்த கிடங்கில் இருந்துகொண்டு கேள்விக்குறி அச்சடிக்கும் தராசு மலைக்கு எதற்கு என்று கேட்டார். மாசி அமாவாசை வரைக்கும் பார்ப்பது, அதற்குள் சீட்டு சரியாக வராவிட்டால் தராசை இறக்க வண்டி அனுப்புவது என்று முடிவாயிற்று. நான் நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். பிறகு நினைவூட்டலுக்கு நினைவூட்டல். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று அட்டை வந்தது. விதிப்படி அது பதில் அல்ல. பதில் வரும் என்ற வதந்தி.

காத்திருந்த நாட்களில் பொது ரெபாசிட்டரியின் வரலாற்றைத் திறந்து பார்த்தேன். அது எல்லோரும் படிக்கக்கூடியது, யாரும் படிப்பதில்லை. என் விண்ணப்பம் போன பிறகு துறைக்காரர்கள் அதில் சேர்த்தவை: ஓர் அதிகாரியின் பிரிவு உபசார விழாப் படங்கள், யாரோ ஒருவரின் புதுமனை புகுவிழா அழைப்பிதழ், 'கடைசி', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி' என்ற பெயர்களில் மூன்று ஃபோல்டர்கள். ஏன் சேர்த்தீர்கள் என்ற இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: முக்கியம். எதற்கும் அனுமதி கேட்கப்படவில்லை. விதியை எழுதியவர்கள் கதவுக்குப் பூட்டுப் போடவில்லை, 'உள்ளே வராதே' என்று பலகை மட்டும் மாட்டியிருந்தார்கள். பலகையைப் படித்து வாசலில் நின்றவன் நான் ஒருவன்தான்.

மாசியில் புளி உலுக்கத் தொடங்கினார்கள். ஓடு உடைத்த புளி கூடை கூடையாக மையத்துக்கு வந்தது. பொறுப்பாளர் எடையைக் கையால் எழுதிக் கொடுத்துப் பார்த்தார். கையெழுத்துச் சீட்டு செல்லாது என்று தலைவர் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அமாவாசைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பொறுப்பாளர் மடிக்கணினியைப் புடவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் இறங்கிக் கண்ணமங்கலத்தில் நிரல்காரர் வீட்டுக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"தம்பி, கேக்காமலே போட்டா இன்னா ஆவும்?" என்று நிரல்காரரிடம் கேட்டார்.

"ஒண்ணும் ஆவாதுக்கா. ஆரு போட்டாங்கன்னு பேர் மட்டும் நிக்கும். அத்த அழிக்க முடியாது."

"ஆரு பேரு?"

அங்கேதான் ஒரு வேடிக்கை இருந்தது. கௌரவ ஆலோசகருக்குப் படிக்க மட்டும்தான் உரிமை. நிரல்காரர் சங்கத்தில் உறுப்பினர் இல்லை; விதியின் கண்ணில் அவரே மூன்றாம் தரப்பு. இத்தனை நாளும் அவர் எழுதியதைத் துறையில் யாரோதான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த யாரோ இப்போது மாற்றலாகிப் போய்விட்டார். துறைக்கு வெளியே ரெபாசிட்டரியில் எதையும் சேர்க்கும் உரிமை இருந்தது மையப் பொறுப்பாளர்களுக்கு மட்டும். மாதாந்தர அறிக்கை போடுவதற்காக அவர்களுக்குக் கணக்குத் திறந்தபோது, எவ்வளவு உரிமை கொடுப்பது என்று யோசிக்கச் சோம்பல்பட்டு மொத்தத்தையும் கொடுத்திருந்தார்கள்.

"எம்பேர போடு," என்றார் பொறுப்பாளர்.

நான் விதி ஒன்பதைச் சொல்லத் தொடங்கினேன். அனுமதியின்றிச் சேர்ப்பவர் மீது நடவடிக்கை எடுக்கலாம், பொறுப்பிலிருந்து விலக்கலாம். அவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், தராசு கீய போச்சின்னா எம்பேரு எங்கியுமே இருக்காது. இதுலனா இருக்கட்டும்."

பிறகு நான் விதியைச் சொல்லவில்லை. விதியை மீறுவதானாலும் முறைப்படி மீற வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்தினேன். இரண்டு லைப்ரரிகளையும் தனி ஃபோல்டரில், ஒரு புள்ளி கூட மாற்றாமல், எழுதியவர்கள் கொடுத்தபடியே வைக்கச் செய்தேன். பதிப்பு எண்ணும் உரிமத்தின் முழு வாசகமும் பக்கத்திலேயே வைக்கப்பட்டன. அந்த ரெபாசிட்டரியில் விதி ஏழின்படி வைக்கப்பட்ட முதல் லைப்ரரிகள் அவைதான் என்று நினைக்கிறேன். அனுமதி ஒன்று மட்டும்தான் குறை.

கடைசியில் ஏன் சேர்த்தீர்கள் என்ற கட்டம் வந்து நின்றது. காலியாக விட முடியாது. நிரல்காரர் என்ன எழுதலாம் என்று என்னைப் பார்த்தார். நான் 'மேற்படி விதியின்கீழ்' என்று வாயைத் திறப்பதற்குள் பொறுப்பாளர் சொல்லிவிட்டார்:

"கேட்டோம். பதில் வரல. புளி வந்துட்ச்சி."

நிரல்காரர் அப்படியே தட்டினார். 'வரவில்லை', 'வந்துவிட்டது' என்று திருத்தலாமே என்றேன். வேண்டாம் என்றார் பொறுப்பாளர். முந்திய கடிதப் போக்குவரத்து, தாமதம், அவசரம் ஆகிய மூன்றையும் அடக்கிய அலுவலகக் குறிப்பு ஒன்றை அவ்வளவு சுருக்கமாக நான் எழுதியதில்லை. எழுதியிருந்தால் பதவி உயர்வு கிடைத்திருக்காது.

அமாவாசையன்று தலைவர் அனுப்பிய மினி லாரி மலைக்கு வந்தது. தராசைக் கழற்றுவதற்கு முன் ஒரு தடவை சோதித்துப் பார்ப்பதுதானே முறை என்று பொறுப்பாளர் டிரைவரையே தராசில் ஏறி நிற்கச் சொன்னார். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே ஏறினார். சீட்டு வந்தது. அவர் பெயர், ஊர், எடை, எல்லாம் அழகான தமிழில், பொருள் என்ற இடத்தில் மட்டும் 'புளி' என்று. டிரைவர் அதை இரண்டு முறை படித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெறும் வண்டியோடு இறங்கிப் போனார். அந்த வருஷப் புளி முழுவதும் மேலேதான் எடைபோடப்பட்டது.

தலைவர் அசந்துவிடவில்லை. யாரிடமோ கேட்டு, லைப்ரரி சேர்த்ததற்கு அனுமதி இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். ஆடியில் பொதுக்கூட்டம் போட்டார். பொருள் ஒன்று: துறையின் அனுமதியின்றி நூலகம் சேர்த்த மையப் பொறுப்பாளரை விலக்குதல். பொருள் இரண்டு: தராசை அடிவாரத்துக்கு மாற்றுதல். கூட்டத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஒரு ஆடி வெள்ளி. படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் அன்றைக்கு எந்தப் பஸ்ஸிலும் நிற்கக்கூட இடம் இருக்காது; மலைக்காரர்கள் வந்து சேர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். மலைக்காரர்கள் சாமை ஏற்றும் டிராக்டரில் வந்து இறங்கினார்கள்.

பொறுப்பாளர் கடைசியாக வந்தார். கையில் துறையின் முத்திரை குத்திய ஒரு பழுப்பு உறை. கிளம்புகிற நேரத்தில் தபால்காரர் கொடுத்ததாம். பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். நான் அதைத் தலைவரிடம் கொடுத்தேன். சங்கத்துக்கு வரும் கடிதத்தைத் தலைவர்தான் பிரிக்க வேண்டும் என்பது துணைவிதி.

தலைவர் சத்தமாகவே படித்தார். மலை மையக் களஞ்சியத்தில், கிளை நூலகமாக, நூலகம் சேர்க்க அனுமதி அளிக்கப்படுகிறது. மையப் பொறுப்பாளரே கௌரவ நூலகராக இருப்பார். ஆய்வாளர் அறிக்கையில் கண்ட தளவாடங்கள் எதையும் துறையின் முன் அனுமதியின்றி இடம் மாற்றக் கூடாது. பூச்சிகள் நீக்கப்பட வேண்டும்.

'தளவாடங்கள்' என்ற இடத்தில் அவர் குரல் இறங்கிவிட்டது. தராசு ஒன்று, மேசை ஒன்று, நாற்காலி இரண்டு. உடைந்த நாற்காலியைக் கூட இனி அவரால் அசைக்க முடியாது. கடிதத்தை மடித்து, மறுபடி விரித்து, என் பக்கம் திரும்பினார்.

"இது எந்த லைப்ரரி சார்? புக்கு லைப்ரரியா, கம்ப்யூட்டர் லைப்ரரியா?"

கடிதத்தில் எது இருக்கிறதோ அதுதான் என்றேன். சந்தேகம் இருந்தால் எழுத்தில் விளக்கம் கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் பதில் தரப்படும் என்றும் சொன்னேன்.

பின்வரிசையில் டிராக்டரில் வந்தவர்கள் சிரித்தார்கள். பொறுப்பாளர் சிரிக்கவில்லை. தலைவர் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். பொருள் ஒன்றும் பொருள் இரண்டும் விவாதிக்கப்படவில்லை. நான் கூட்டக் குறிப்பில் எழுதினேன்: கார்த்திகையில் கேட்டதற்குப் பதில் வந்து சேர்ந்த நாள், ஆடி மூன்றாம் வெள்ளி.